தொட்டில் மீன்

உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு வயிற்றுப் பக்கம் மெதுவாகத் தேய்க்க வேண்டும், முதுகைத் தேய்ப்பது போல அழுத்தித் தேய்த்தால் வயிறு ஒட்டிப்போகும், ஒட்டின வயிற்றுக் கட்டையைச் சீலா மீன் திரும்பிக்கூடப் பார்க்காது என்று மைனி சொல்லுவாக, "தின்னு கொழுத்த சாளையத்தாம்ட்டி எவனும் விரட்டுவான், உன்ன மாரி வத்தக் கருவாட்டையா விரட்டுவான்", சொல்லிவிட்டு அவுகளே சிரிப்பாக, நான் தலையைக் குனிந்துகொண்டு தேய்ப்பேன், யார் சிரித்தாலும் எனக்குத் தலை குனியத்தான் தெரியும். இன்னாசி மைனி என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது மீன் என்றால் எனக்குக் குழம்பில் கிடக்கிற மீன்தான், கட்டையில் மீன் செய்து, வர்ணம் அடித்து, கண் வைத்து, வாலில் மூணு முள்ளுத் தூண்டிலை மாட்டி, படகுக்குப் பின்னால் தங்கூசு நூலில் இழுத்துக்கொண்டு போனால் உயிருள்ள சாளை என்று நினைத்துச் சீலாவும் பாரையும் வந்து கவ்வும் என்பதெல்லாம் இங்கே வந்துதான் தெரிந்தது. கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்குவது நான், வயிற்றில் குழி போட்டு ஈயம் உருக்கி ஊற்றுவது நான், வெள்ளை பூசிக் காயவிட்டு அதன் மேல் மஞ்சளும் கறுப்பு வரியும் இழுப்பது நான், கண் வைப்பது மட்டும் மைனி. கண் வைத்த நிமிஷத்திலிருந்து மீன் பார்க்க ஆரம்பித்துவிடுமாம், முதலில் பார்க்கிற முகம் ராசியான முகமாக இருக்க வேண்டுமாம். என் முகம் ராசியில்லை என்று மைனி ஒரு நாளும் சொன்னதில்லை, கண் வைக்கிற நேரத்தில் மட்டும் "அடுப்புல என்னமோ தீயுது பாரு" என்று அனுப்பிவிடுவாக, போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடக்கும். இன்றைக்கு இந்த மீனுக்குக் கண்ணும் நானேதான் வைக்க வேண்டும். மைனி லாரித் தண்ணீர் பிடிக்கக் குடங்களோடு முக்குக்குப் போயிருக்காக, லாரி இன்னும் வரவில்லை, வந்தாலும் வரிசையில் சண்டை உண்டு, மைனி நிற்கிற வரிசையில் சண்டை இல்லாமல் இருக்காது, அதுவரைக்கும் இந்த வீடு எனக்கு. இந்த மீன் கடலுக்குப் போகாது. இதற்கு முள் வேண்டாம், தங்கூசு வேண்டாம். இது தொட்டிலுக்கு. அங்கே ஏற்கெனவே தொங்குகிற மீனைப் போலவே இருக்க வேண்டும், அச்சாக, மைனி கண்ணுக்குக்கூட வித்தியாசம் தெரியாமல், அதை எடுத்துவிட்டு இதைக் கட்டிவிட வேண்டும், வயிற்றில் ஈயம் இல்லாத இதை.

தொட்டில் ஆடவில்லை. என் நீலச் சேலையை மடித்து உத்திரத்தில் கட்டின தொட்டில், உள்ளே என் மகள் ரெனி எந்தப் பக்கம் ஒருக்களித்துக் கிடக்கிறாள் என்பது துணிக்கு வெளியே முட்டுகிற முழங்காலை வைத்துத் தெரிகிறது. தூங்குகிறாளா, விழித்துக்கொண்டே சும்மா கிடக்கிறாளா, இப்போதெல்லாம் எனக்கு அது பிரித்துத் தெரிவதில்லை. முன்னால் விழித்தால் வீடே விழித்துக்கொள்ளும், காக்கா வந்தால் காக்கா என்பாள், தண்ணீரைக் கண்டால் தண்ணி என்பாள், அவள் அப்பா வலையைத் தோளில் போட்டால் டாட்டா என்பாள். முதலில் காக்காதான் போனது. ஓட்டின் மேல் காக்கா வந்து உட்கார்ந்தது, நான் "என்னது அது, சொல்லு" என்றேன், அதையே பார்த்தாள், உதட்டைக் குவித்தாள், அந்தச் சொல் வரவில்லை, காக்காவே எடுத்துக்கொண்டு பறந்த மாதிரி. பிறகு தண்ணி போனது, சொம்பைக் கையால் காட்டுகிறாள். பிள்ளைகளுக்குச் சொல் வரும், சொல் போகுமா, நான் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படித்ததில் அப்படி ஒன்றும் சொல்லித்தரவில்லை, படித்தவர்களைக் கேட்டிருக்கலாம், கேட்க வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருள்கிறாள். சோறு வேண்டாம் என்கிறாள், சுவரைச் சுரண்டி வாயில் வைக்கிறாள். ஈறில் நீலமாக ஒரு கோடு, பென்சிலால் மெதுவாகக் கீறினது போல, துடைத்துப் பார்த்தேன், உப்பு வைத்துத் தேய்த்தும் பார்த்தேன், போகவில்லை. பெரியாஸ்பத்திரிக்கு மைனிதான் கூட்டிக்கொண்டு போனாக, அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும், அவர்கள் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்கள், "வீட்ல என்ன வேலைம்மா செய்றீங்க?" நான் நாக்கைப் புரட்டுவதற்குள் மைனி, "கட்ட மீனு செய்வா டாக்டரம்மா, கையில வேல நல்லா உண்டு, வாயிலதான் ஒண்ணும் இல்ல." டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஈயம் உருக்குவீங்களா?" "ஈயம் இல்லாம மீனு எப்பிடி நிக்கும், மல்லாந்துரும்லா." "அதைக் குழந்தை எடுத்து வாயில வைக்குதா?" மைனிக்குக் கோபம் வந்துவிட்டது, "அவ்வளவு வெவரங் கெட்டவங்களா நாங்க, முள்ளு கெடக்க சாமான எவளாவது பிள்ள கையில குடுப்பாளா?" அது பொய்யில்லை. முள் உள்ள மீனெல்லாம் ஆணியில், எட்டாத உயரத்தில். இந்த ஊரில் பிள்ளை பெற்றவள் எவளுக்கும் முள்ளைப் பற்றித்தான் பயம், முள்ளைக் கழற்றிவிட்டால் மீதி வெறும் கட்டைதான், பொம்மைதான். நான் வாயைத் திறந்தேன், டாக்டரம்மா, தொட்டிலில் ஒன்று கிடக்கிறது, முள் இல்லாதது, ராத்திரியும் பகலும் அவள் வாயில்தான் கிடக்கிறது, சொல்லத்தான் திறந்தேன், பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள், மைனியின் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, திறந்த வாயில் காற்று வந்தது, சொல் வரவில்லை, ரெனிக்கு வராதது போலவே. "ரத்தத்துல ஈயம் இருக்கான்னு வெளியூருக்கு அனுப்பித்தான் பாக்கணும், வெள்ளிக்கிழமை போன் பண்ணுவோம், அதுவரைக்கும் ஈயம், பெயிண்ட் பக்கமே விடாதீங்க" என்றார்கள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. போன் மைனி இடுப்பில். பஸ்ஸில் வரும்போது மைனி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாக, "ஈயமாம். எங்க அப்பா வாய்க்குள்ள ஈயக்குண்டப் போட்டு ஒதுக்கிக்கிட்டுத்தான் தூண்டி கெட்டுவாரு, பல்லாலேயே கடிச்சு நசுக்குவாரு. என்ன கெட்டுப்போச்சு?" அந்த மாமாவை நான் பார்த்ததில்லை. கடைசிக் காலத்தில் கை நடுங்கி நடுங்கி ஒரு தூண்டில்கூடக் கட்ட முடியாமல் போச்சு என்றும், பெற்ற பிள்ளைகளின் பெயரை மாற்றி மாற்றிக் கூப்பிட்டாரென்றும், வேறொரு நாள் வேறொரு பேச்சில் மைனியே சொன்னதுதான்.

வயிறு போதும், வழவழப்பு வந்துவிட்டது, இனிக் குழி. கத்தி நுனியை வைத்துத் திருகத் திருக மரத்தூள் மடியில் உதிர்கிறது. இந்த வீட்டில் தலைச்சன் பிள்ளைக்கு ஒரு மீன் உண்டு, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அதைத் தாய் செதுக்க வேண்டும், அத்தை கண் வைக்க வேண்டும், முள் மாட்டாமல் தொட்டில் கயிற்றில் கட்ட வேண்டும், பிள்ளை அதைக் கடித்துத்தான் பல் முளைக்க வேண்டும். பிள்ளை தொட்டிலை விட்டு இறங்கின பிறகு அப்பன் அதை எடுத்து முள் மாட்டிக் கடலில் இழுப்பான், சொந்தப் பிள்ளையின் பல் பட்ட மீனைக் கண்டால் சீலா தன்னை மறந்து வந்து கவ்வும். அதுவரைக்கும் அது தொட்டிலிலேயே கிடக்க வேண்டும், அதிலும் அப்பன் கடலில் இருக்கிற நேரம் அதைக் கழற்றவே கூடாது, அந்த நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் கரைக்கு வருகிறானாம். ரெனியை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த மீனை எத்தனை ஆசையாகச் செதுக்கினேன், செதிலுக்கெல்லாம் ஊசி முனையால் கோடு போட்டேன், ஈயம் உருக்குகிற கரண்டியை அடுப்பில் வைத்தபோது அது வெள்ளிப் பூப்போலத் திரண்டு ஓடினது, குழியில் ஊற்றினதும் மரம் உஸ் என்றது, அந்தப் புகை என் மூக்கில் ஏறினது, வயிற்றுக்குள்ளே அவள் உதைத்தாள், மைனி என் வயிற்றில் கை வைத்து, "பாத்தியா, எம் மருமவ மீனு கேக்கா" என்றாக. கடலுக்குப் போய் வருகிற மீனில் சீலாப் பல் பட்டிருந்தால் அதற்கு மதிப்பு அதிகம், ஆம்பளைகள் அதைக் கையில் வைத்துத் தடவித் தடவிப் பார்ப்பார்கள், பல் படாத மீன் மலட்டு மீன். தொட்டில் மீனில் முதல் பல் பட்ட அன்றைக்கு மைனி அதைத் தெருவெல்லாம் காட்டினாக, "எம் மருமவ கொத்திட்டா, எம் மருமவ கொத்திட்டா." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சாளை என்று நினைத்து வருவது சீலா, பொம்மை என்று நினைத்து வந்தது இவள். இப்போது அந்த மீனின் வயிற்றில் மஞ்சளும் இல்லை, வெள்ளையும் இல்லை, எல்லாம் உள்ளே போய்விட்டது, அடைத்திருந்த ஈயம் வெளியே தெரிகிறது, தேய்ந்து, பளபளவென்று, நாக்குப் பட்டுப் பட்டு மினுக்கம் ஏறி. நூலைச் சுருக்கிக் கட்டிப் பார்த்தேன், எட்டவில்லை என்று அழுதாள், அழுது அழுது வாந்தி எடுத்தாள், மைனி வந்து நூலை இறக்கிவிட்டாக. பாயில் போட்டுப் பார்த்தேன், தொட்டிலைப் பார்த்துத் தவழ்ந்தாள், நடக்கிற பிள்ளை தவழ்ந்தாள். கழற்றிவிடலாமா மைனி என்று கேட்கத் தெரியாதா எனக்கு, தெரியும், மைனிக்கு என்ன பதில் என்பதும் தெரியும், அதைப் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்காதான் என் காதில் சொன்னது. மைனி மகன் கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு மத்தியானம் தொட்டில் மீன் தரையில் கிடந்ததாம், எலி கடித்த நூல், மைனி அலட்டிக்கொள்ளாமல் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் எடுத்துக் கட்டினாகளாம். மைனி வீட்டுக்காரர் போன படகில் மற்ற எல்லாரும் வந்தார்கள். மைனி அதைப் பற்றிப் பேசுவதே இல்லை, எலிப்பொறியை மட்டும் தினமும் அவுகளே வைப்பாக, கருவாட்டுத் துண்டை வெட்டிச் செருகி, பொறி சரியாக விழுகிறதா என்று குச்சியால் தட்டிப் பார்த்து, அதற்குப் பிறகுதான் படுப்பாக.

ஈயத்துக்குப் பதிலாக என்ன வைப்பது என்று ரெண்டு நாளாக யோசித்தேன். ஒன்றும் வைக்காமல் வெறும் கட்டையைக் கட்டினால் காட்டிக்கொடுத்துவிடும், கனம் இல்லாத மீன் நூலில் நேராகத் தொங்காது, புரண்டு வயிற்றை மேலே காட்டும், தொட்டிலுக்கு மேலே செத்த மீன் மிதக்கிற மாதிரி. இவுக பெட்டியை, என் வீட்டுக்காரர் பெட்டியைத்தான், கிளறினேன், படகு இஞ்சினுக்கு வாங்கி வைத்த ஸ்டீல் நட்டுகள் கிடந்தன, ஒன்றை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டு வைத்துப் பார்த்தேன், துருவும் வரவில்லை, தண்ணீரும் கறுக்கவில்லை. ஆனால் ஈயத்தின் கனம் அதற்கு இல்லை, ஒரு கையில் ஆணியில் தொங்கின ஈய மீன் ஒன்று, ஒரு கையில் இது, ஏறி இறங்குகிறது, இன்னொரு நட்டு வைக்க வேண்டியிருக்கிறது, அப்படியென்றால் குழி பெரிசாக வேண்டும். திருகுகிறேன், திருகுகிறேன், டக். பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு விரிசல். ஐயோ மாதாவே. ஓடவில்லை, நின்றுவிட்டது, செதில் கோட்டோடு கோடாக மறைந்துவிடும், மறையும், மரத்தூளைச் சோற்றுப் பருக்கையில் குழைத்துத் திணித்தால் மறையும். காற்று இல்லை. காலையிலிருந்து கச்சான் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, மண்ணை வாரிக் கதவில் போட்டது, இப்போது எப்போது நின்றதென்றே தெரியவில்லை, கொடியில் துணி அப்படியே நிற்கிறது. காற்று நின்றால் நல்லதுதானே, கடலில் இருக்கிறவர்களுக்கு நல்லதுதானே, ஆனால் ரோஸ்லின் அக்கா அன்றைக்குச் சொன்னபோது இதையும் சொன்னது, அந்த மத்தியானமும் காத்து விழுந்து கிடந்துச்சு தாயி, இலை அசையல. இவுக நேற்று விடியக் கருக்கலில் போனாக, இன்றைக்குப் பொழுது சாயக் கரை பிடிக்க வேண்டும். போகிறதுக்கு முந்தின ராத்திரி நான் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன், சொல்லிவிட்டுத் தொட்டிலைப் பார்த்தேன், இவுகளும் தொட்டிலைப் பார்த்தாக, மீன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது, ஒரு கண் எங்களைப் பார்த்தது, பிறகு மற்றக் கண், "ரிசல்ட்டு வரட்டும் பாப்போம்" என்றாக. மூணாவது மனுசர் ஒருத்தர் அங்கே இருந்து கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னாக. என் புருஷன் கஸ்பாருக்கு எதற்கும் பயமில்லை என்று ஊரில் சொல்வார்கள், அந்த ராத்திரி நான் பார்த்தேன், அந்த மீனைக் கழற்றச் சொல்லிவிடுவேனோ என்று இவுகளுக்கு என்னைக் கண்டு பயம். கழற்றுங்க என்று நானும் சொல்லவில்லை, கழற்றவா என்று இவுகளும் கேட்கவில்லை. வரட்டும், கரை ஏறினதும் கழற்றலாம் என்று ஒரு மனசு சொல்கிறது, கரை ஏறினால் இவுகளும் இருப்பாக, மைனியும் இருப்பாக, ரெண்டு பேர் பார்க்க என் கை நீளாது, விடிந்தால் திரும்ப ஐஸ் ஏற்றிக்கொண்டு போய்விடுவாக, திரும்பவும் நூல், திரும்பவும் நறுக் நறுக் என்று அவள் அதைக் கடிக்கிற சத்தம். ஒரு பக்கம் இவுக, ஒரு பக்கம் அவள், நடுவில் ஒரு சாண் நூல். கோயில் மைக் கிர்ரென்றது. யாரோ ஊதுகிறார்கள், பூ, பூ, தட்டுகிறார்கள், எங்கள் ஊரில் பூசை நேரம் சொல்வதும் அதில்தான், ஆடு காணாமல் போனதைச் சொல்வதும் அதில்தான், படகு வராததைச் சொல்வதும் அதில்தான். திருகின கையை அப்படியே நிறுத்திவிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை. அணைத்துவிட்டார்கள். சொல்ல வந்தவர் ஏன் சொல்லாமல் போனார், சொல்ல ஒன்றுமில்லாமல் எதற்கு மைக்கைப் போட்டார், சும்மா சரிபார்த்திருப்பார்கள், நாளைக்கு ஜெபக்கூட்டம் இருக்கிறது, சும்மாதான்.

டின் மஞ்சளை நான் தொடவில்லை. கிழங்கு மஞ்சளை உரசிக் கஞ்சியில் குழைத்துப் பூசினேன், டின்னில் உள்ளது போல மினுக்கவில்லை, வீட்டு மஞ்சள், கல்யாணத்து மஞ்சள், ஆனால் அந்தப் பழைய மீனும் இப்போது மினுக்கவா செய்கிறது. விளக்குக் கரியைத் தொட்டு முதுகில் வரி இழுத்தாகிவிட்டது. நட்டு ரெண்டும் குழிக்குள் இறங்கிவிட்டன, மேலே கட்டை மூடி வைத்துத் தட்டி இறுக்கிவிட்டேன், பல்லுக்கு எட்டாது, மூடி மேல் விளக்குக் கரியைத் தேய்த்து ஈயத்தின் நிறமும் கொண்டுவந்துவிட்டேன். இனிப் பல். அந்த மீனில் எங்கெங்கே பல் பட்டிருக்கிறது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும், வாலோரம் நெருக்கமாக, வயிற்றில் சறுக்கிச் சறுக்கி, தலையில் ஒரே ஒரு இடத்தில் ஆழமாக, அது அவளுக்கு ஜுரம் வந்த அன்றைக்குக் கடித்தது. மைனிக்கும் பார்க்காமலே தெரியும், எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம் தடவிப் பார்ப்பாக. முதலில் நானே கடித்துப் பார்த்தேன், பெரிய மனுசிப் பல், கடப்பாரை போட்ட மாதிரி விழுந்தது, அதைத் தேய்த்து அழித்துவிட்டு, ஆணி நுனியைப் பிள்ளைப் பல் போலப் பிடித்து அமுக்கி அமுக்கி எடுக்கிறேன். என்ன வேலை இது. கடிக்காத மீனில் கடித்த தடம் வைக்கிறேன். சாளை வருகிறதென்று சீலாவை ஏமாற்றுகிற வீட்டில், ஈயம் இருக்கிறதென்று மைனியை ஏமாற்றுகிறேன், பழைய மீன்தான் தொங்குகிறதென்று கடலையும் ஏமாற்ற வேண்டும், கடல் ஏமாறுமா, சாளை என்று நினைத்துக் கட்டையை விழுங்குகிற சீலாவெல்லாம் அந்தக் கடலில் பிறந்ததுதானே, அப்போ ஏமாறும், ஏமாறட்டும். ஆணியை அடுப்பில் வைத்துப் பழுக்கவிட்டு எடுத்து வந்தேன். மைனி வைத்த கண் ரெண்டும் ஒன்று போல இருக்காது, இடது கண் கொஞ்சம் பெரிசு, அதையும் அப்படியே வைக்க வேண்டும். என் முகம் ராசியான முகமா. யாரிடம் கேட்பது. வலது கண்ணுக்கு ஆணியை ஒற்றினேன், மரம் சுட்ட வாசனை வந்தது, பிள்ளைத் தலையில் வருகிற வெயில் வாசனை போல. இடது கண்ணுக்கு ஒற்றிக் கொஞ்சம் சுழற்றினேன். பார்க்க ஆரம்பித்துவிட்டது. என்னைத்தான் பார்க்கிறது, வேறு யார் இருக்கிறார்கள் இங்கே, பார்த்துக்கோ, நான்தான், பிரகாசி, ரெனியின் அம்மா, நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா தொங்கினால் போதும்.

தூங்குகிறாள், தூங்கத்தான் செய்கிறாள், நெஞ்சு ஏறி இறங்குகிறது. மீன் வாயில், தலைப்பக்கம் உள்ளே, வால் வெளியே, விரல் ரெண்டும் வாலைச் சுற்றி. எப்படிச் செய்ய வேண்டும் என்று மனசுக்குள் நூறு தடவை செய்து பார்த்துவிட்டேன், முதலில் புது மீனைக் கயிற்றில் கட்டி முடிச்சு இறுகின பிறகுதான் பழைய மீனின் நூலை அறுக்க வேண்டும், அப்படிச் செய்தால் தொட்டில் ஒரு மூச்சு நேரம்கூட மீன் இல்லாமல் இருக்காது, நூல் இவுகளை விடாது, யாருக்கும் ஒன்றும் வராது. கை நடுங்குகிறது, மாமா கை மாதிரி, அந்த நினைப்பு வேண்டாம். புது மீனை முந்தானையில் செருகிக்கொண்டு, நூலை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்டூலில் ஏறி நிற்கிறேன். மேலேயிருந்து பார்க்க அவள் சின்னதாக இருக்கிறாள், நீலத் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி, நான் படகிலிருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. முடிச்சுப் போட ரெண்டு கை வேண்டும். போடுகிறேன், ஒரு சுற்று, ரெண்டாவது சுற்றுக்கு நூலை விடும்போது அவள் புரண்டாள். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், மேலே இருக்கிற என்னை, வாயிலிருந்து மீனை எடுத்தாள், உதட்டைக் குவித்தாள், ஏதோ வருகிறது, ஏதோ ஒரு சொல், வா தங்கம், வா, எதுவாக இருந்தாலும் வா, "மீ" என்றாள், அதைக் காட்ட வேண்டுமென்று வாலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள், எச்சில் ஊறி ஊறி மட்கின நூல், ஒரு சத்தமும் இல்லை, அறுந்துவிட்டது. நான் அறுக்கவில்லை. எலியும் அறுக்கவில்லை. மீன் அவள் கையில் இருக்கிறது, புதுசு என் முந்தானையில் இருக்கிறது, நூலின் ஒரு நுனி என் பல்லில், தொட்டிலுக்கு மேலே ஒன்றுமில்லை, இவுக எந்தத் தண்ணீரில் இருக்கிறாகளோ, மேலே ஒன்றுமில்லை, குனிந்து அவள் விரலைப் பிரிக்கிறேன், முள் விழுங்கின மீனின் வாயைப் பிரிக்கிற மாதிரி, மெதுவாக, தா கண்ணு, அம்மாட்ட தா, ஈயம் ஈரமாக என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது, எவ்வளவு கனம், இதையா இத்தனை நாளும் தூக்கிக்கொண்டு கிடந்தாய், வந்துவிட்டது, அதைத் தூரப் போட்டுவிட்டேன், இனி முடிச்சுதான், முடிச்சு மட்டும்தான், தெருவில் குடம் உருளுகிற சத்தம், மைனியின் செருப்புச் சத்தம், ஓடி வருகிற செருப்பு, மைனி ஓடி நான் பார்த்ததே இல்லை, "ஏட்டி, ஏட்டி பிரகாசி, போனு, ஏதோ புது நம்பரா வருது, ஆஸ்பத்திரியா கரையான்னு தெரியல, எனக்குக் கை வரமாட்டேங்கு, நீ வந்து எடுட்டி", இதோ மைனி, வந்துவிட்டேன், ஒரே ஒரு சுற்று, கண் அந்தப் பக்கம் பார்க்கக் கட்டக் கூடாது, பிள்ளையைப் பார்க்கக் கட்ட வேண்டும், அடிக்கிறது, நிற்காமல் அடிக்கிறது, எடுக்காதீங்க மைனி, எடுத்துவிடாதீங்க, இந்த முடிச்சு இறுகுகிற வரைக்கும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், நூல் வழுக்குகிறது, இன்னும் ஒரு இழுப்பு இழுத்து இதை மட்டும்